அரைமண்டி எந்தத் தெருவில் இருக்கிறது?

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். நடன வகுப்பிலிருந்து வந்த பேத்தி, பையை ஊஞ்சல் மேல் வீசிவிட்டு, "தாத்தா, எனக்கு டான்ஸ் வேணாம். இனிமே போமாட்டேன்" என்றாள்.

"கால் வலிக்குதா?"

"இல்ல."

"மிஸ் திட்டினாங்களா?"

"அவங்க திட்டவே மாட்டாங்க."

"பின்ன என்னதான்மா?"

"தியரி" என்றாள். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர்.

அவளுக்குப் பத்து வயது. இரண்டு வருடமாகக் கற்றுக்கொள்கிறாள். ஆடச் சொன்னால் மணிக்கணக்கில் ஆடுவாள். சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போவதானால்கூட நடந்து போக மாட்டாள், ஜதி போட்டுக்கொண்டுதான் போவாள். அப்படிப்பட்ட குழந்தை, காலுக்குப் பயப்படாமல் காகிதத்துக்குப் பயந்து நிற்கிறாள். கிரேடு பரீட்சை வருகிறதாம். அதில் ஒரு தாள் எழுத வேண்டுமாம். நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். அவள் ஆங்கில வழியில் படிப்பவள். ஆகையால் தமிழ்ச் சொல், வடசொல், தெலுங்குச் சொல் எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். அவள் எழுதியதை அவளாலேயே படிக்க முடியவில்லை. 'அரைமண்டி' என்பதை 'ஆறாமண்டி' என்று படித்தாள். 'நாட்டடவு' என்பதை 'நட்டாடாவு' என்றாள். எதற்கும் அர்த்தம் தெரியாது. நாற்பது சொற்களை அப்படியே விழுங்க வேண்டும். விழுங்க முடியாமல்தான் குழந்தை அழுகிறது.

அவளைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளை வகுப்பில் சேர்த்தபோது நான் இதைவிட மோசம்.

முதல் நாள் டீச்சரம்மா, "பாப்பா இப்ப அடவுதான் சார் கத்துக்கும்" என்றார்கள். என் காதில் 'அடகு' என்று விழுந்தது. சம்பளத் தேதிக்கு முந்தின வாரமெல்லாம் அடகுக் கடை வாசலில் நின்ற குடும்பஸ்தன் நான், எனக்கு வேறு எப்படி விழும்? அடுத்து, "அரைமண்டி நல்லா உக்காரணும்" என்றார்கள். செங்குன்றத்தில் அரிசி மண்டி தெரியும். வெங்காய மண்டி தெரியும், வாழைக்காய் மண்டி தெரியும். இந்த அரைமண்டி எந்தத் தெருவில் இருக்கிறது, அங்கே போய்க் குழந்தை ஏன் உட்கார வேண்டும் என்று விழித்தேன். 'நாட்டடவு' என்றதும் நாட்டுக்கோழி ஞாபகம். 'வர்ணம்' என்றதும் பெயின்ட் கடை. 'பதம்' என்றதும் பாகு. 'ஜாவளி' என்றதும் ஜவுளி. 'தீர்மானம் வைக்கிறது' என்றபோது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முப்பத்தைந்து வருடம் எழுத்தராக இருந்தவனுக்குத் தீர்மானம் தெரியாதா? கூட்டப் பொருள் என்ன, முன்மொழிந்தவர் யார், வழிமொழிந்தவர் யார் என்று மனசு தானாகக் கேட்டது. அவர்கள் சொன்னது ஜதியை முடித்து வைக்கும் கோர்வை.

டீச்சரம்மா கையில் ஒரு கட்டை, எதிரே ஒரு பலகை. அதில் தட்டித் தாளம் போடுவார்கள். அந்தக் கட்டைக்குப் பெயர் தட்டுக்கழி என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தட்டிக்கழிப்பது அரசு அலுவலகத்தில் பெரிய கலை. அதற்குக் கருவியே இருக்கிறது என்பது ஓய்வுபெற்ற பிறகுதான் தெரிந்தது.

பெரிய பிழை ஒன்றும் செய்தேன். பரீட்சைக்கு 'அபிநய தர்ப்பணம்' படிக்க வேண்டும் என்றார்கள். தர்ப்பணம் என்றால் நம் வயதுக்காரர்களுக்கு என்ன தோன்றும்? அமாவாசை, எள்ளு, தண்ணீர். நடனத்துக்கும் பித்ருக்களுக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டில் ஒரு வாரம் விவாதம் செய்தோம். பிறகு ஒரு தமிழாசிரிய நண்பர் சொன்னார்: வடமொழியில் இரண்டும் வேறு வேறு சொல். ஒன்றில் மெல்லிய 'த', மற்றொன்றில் அழுத்தமான 'த'. தமிழில் எழுதும்போது ஒன்றாகிவிடுகிறது. இந்தத் தர்ப்பணம் என்றால் கண்ணாடி. நந்திகேசுவரர் பெயரில் வழங்கும் அந்த நூல், அபிநயத்துக்கு ஒரு கண்ணாடி. ஆனந்த குமாரசுவாமி 1917-ல் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டபோது, தலைப்பிலேயே 'கண்ணாடி' என்ற சொல்லை வைத்துவிட்டார். ஆங்கிலத்தில் படித்தவனுக்கு அட்டையைப் பார்த்ததும் புரிந்த விஷயம், பொன்னேரியில் எனக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று.

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கை இல்லாத பகுதிக்கு வருகிறேன்.

நான் பிறந்தது புதுச்சேரி. 1954-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை ஒப்படைத்துவிட்டார்கள். ஆனால் பிரெஞ்சு வழிப் பள்ளிக்கூடங்கள் இருந்தன. அப்பா என்னை அதில் சேர்த்தார். சொல்வதெழுதுதலில் நான் கெட்டிக்காரன். ஒரு நாள் பாடத்தில் 'நெழ்' என்ற சொல் வந்தது. பனிக்காலத்தில் வானத்திலிருந்து விழுந்து தரையில் வெள்ளையாகக் கிடக்கும் பனி அது. ஆசிரியர் 'தரையெல்லாம் வெள்ளை வெளேரென்று கிடக்கும்' என்று மட்டும் சொன்னார். நான் அதை உப்பளம் என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் தரையில் வெள்ளையாகக் கிடப்பது அது ஒன்றுதான். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினேன், முழு மதிப்பெண் வாங்கினேன். குழந்தைகள் உப்பளத்தில் உருண்டு விளையாடுவதாகவே பல மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். உடம்பெல்லாம் எரியுமே என்று கவலைகூடப் பட்டேன். கேட்கவில்லை. முழு மதிப்பெண் வாங்கியவன் எப்படிக் கேட்பான்?

அர்த்தம் தெரியாமல் சரியாகச் சொல்லிவிடுவது ஒரு வியாதி. அது எனக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பேத்தி அழுத அந்த வாரம், அவளைச் சமாதானப்படுத்த யூடியூபில் ஏதோ நடனம் போட்டுக் காட்டினேன். அது தானாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, பாலே வகுப்பு ஒன்றில் வந்து நின்றது. ஜப்பான் குழந்தைகள் என்று நினைக்கிறேன். சுவரோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். டீச்சர் 'பிளியே' என்றார். எல்லாரும் முழங்காலை மடக்கினார்கள். 'ரெலவே' என்றார். குதிகாலைத் தூக்கினார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அறுபது வருடத்துக்கு முந்தைய என் பள்ளிக்கூடப் பிரெஞ்சு!

பாலே உலகமெங்கும் பிரெஞ்சில்தான் சொல்லித் தரப்படுகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. பதினான்காம் லூயி மன்னர் 1661-ல் பாரிசில் நடனத்துக்கென்று ஒரு கழகம் நிறுவினார். மன்னரே ஆடக்கூடியவர். அவருடைய நடன ஆசிரியர் பொஷாம் என்பவர்தான் பாதம் வைக்கும் ஐந்து நிலைகளை வகுத்தவர் என்று சொல்கிறார்கள். அன்றிலிருந்து மாஸ்கோவோ டோக்கியோவோ, வகுப்பில் சொல் பிரெஞ்சுதான். அந்தச் சொற்களைப் பார்த்துப் புது மாணவர்கள் மிரளுகிறார்களாம். எனக்கு மட்டும் அவை வீட்டுச் சொற்கள். பிளியே என்றால் மடிந்தது. தாந்தூ என்றால் இழுத்து நீட்டியது. ரெலவே என்றால் உயர்த்தியது. ஃப்ராப்பே என்றால் தட்டியது. ஃபோந்தூ என்றால் உருகியது, வெண்ணெய் உருகுமே, அந்த உருகல். கிலிசாத் என்றால் சறுக்கல். 'பா த ஷா' என்பதைப் பெரிய மந்திரம் போலச் சொல்கிறார்கள். அது பூனை அடி. அவ்வளவுதான். பூனை தாவுவது போல ஒரு தாவல்.

பேத்தி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். "தாத்தா, உனக்கு எப்படித் தெரியும்? நீ டான்ஸ் கத்துக்கிட்டியா?"

"நான் டான்ஸ் கத்துக்கலம்மா. பாஷை கத்துக்கிட்டேன்."

திரையில் டீச்சர், 'தெமி பிளியே' என்றார். தெமி என்றால் அரை. குழந்தைகள் முழங்கால்களை இரண்டு பக்கமும் விரித்து, குதிகால் தரையில் பதிந்திருக்க, பாதி உட்கார்ந்தார்கள். அடுத்து, 'கிரான் பிளியே'. பெரிய மடிப்பு. குதிகால் எழும்ப, கீழே போய் உட்கார்ந்தார்கள்.

பேத்தி துள்ளி எழுந்தாள். "தாத்தா! இது அரைமண்டி! அது முழுமண்டி!"

ஆமாம். அரை மடிப்பு, முழு மடிப்பு. மண்டியிடுகிறோம் என்று சொல்கிறோமே, அந்த மண்டி. பாதி மண்டியிட்டால் அரைமண்டி, முழுக்க உட்கார்ந்தால் முழுமண்டி. இரண்டும் ஒன்றேதான் என்று சொல்ல மாட்டேன். பாலேயில் மடங்கி உடனே எழுந்துவிடுகிறார்கள். நம் குழந்தைகள் அரைமண்டியிலேயே நின்று அடவு முழுக்க ஆட வேண்டும், அது வேறு தவம். ஆனால் பெயர் வைத்தவன் புத்தி ஒன்றுதான். உடம்பு என்ன செய்கிறதோ அதையே பெயராக வைத்திருக்கிறான். பாரிசிலும் அப்படி, தஞ்சாவூரிலும் அப்படி.

இதில் என்ன வேடிக்கை பாருங்கள். 'பிளியே' என்ற சொல் பிரெஞ்சுக் குழந்தைக்குப் புரியும், ஜப்பான் குழந்தைக்குப் புரியாது. அது நியாயம், அவளுக்கு அது அந்நிய பாஷை. 'அரைமண்டி' என்ற சொல் பொன்னேரியில் பிறந்த தமிழ்க் குழந்தைக்கு ஏன் புரியவில்லை? அவளுக்கு அது தாய்மொழி ஆயிற்றே!

அன்று இரவே நோட்டை எடுத்து உட்கார்ந்தோம். ஆங்கில எழுத்தை அடித்துவிட்டுத் தமிழில் எழுதினோம். பக்கத்தில் அர்த்தம் எழுதினோம்.

தட்டடவு: பாதத்தால் தரையைத் தட்டுவது. இதற்கு விளக்கமே வேண்டாம்.

நாட்டடவு: காலை நீட்டிக் குதிகாலைத் தரையில் ஊன்றுவது. கல்யாண வீட்டில் பந்தக்கால் நாட்டுகிறோம் அல்லவா? அதே நாட்டுதல்தான். நாட்டுக்கோழியை விரட்டிவிட்டேன்.

சறுக்கல் அடவு: சறுக்கிப் போவது. பாலேக்காரர்களின் கிலிசாத். ஆரணியாற்றுக் கரையில் மழைக்காலத்தில் நாம் எல்லாரும் ஆடியிருக்கிறோம், பெயர்தான் தெரியாது.

மண்டி அடவு: முழங்காலைத் தரையில் வைத்து ஆடுவது.

சொல்லுக்கட்டு: சொற்களைக் கட்டி வைத்தது. கோர்வை: கோத்து வைத்தது. பூ கோப்பது போல அடவுகளைக் கோப்பது. அலுவலகத்தில் நான் ஆயுள் முழுக்கக் கட்டிக்கொண்டிருந்த 'கோப்பு'ம் இந்தக் 'கோ'வில் பிறந்ததுதான். அலாரிப்பு: அலர்தல், பூ விரிதல். கழுத்து, கண், தோள் என்று உடம்பு ஒவ்வொன்றாகத் திறந்துகொள்கிற உருப்படி. இவ்வளவு அழகான பெயரை அவள் 'அலாரம்' என்று நினைத்திருந்தாள்.

அடுத்து முத்திரைகள். அபிநய தர்ப்பணத்தில் ஒற்றைக் கை முத்திரை இருபத்தெட்டு. இவை வடசொற்கள். ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு அந்நியம் இல்லை. முஷ்டி தெரியும், மடக்கிய கை. சிகரம் தெரியும், மலை உச்சி. மயூரம் என்றால் மயில். மாயூரத்துக்குப் போய்வந்த நம் வயதுக்காரர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. மிருகசீர்ஷம் என்றால் மான் தலை. அந்த நட்சத்திரத்தில் பிறந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். சூசி என்றால் ஊசி. கர்த்தரீமுகம், கத்தரிக்கோலின் வாய். இரண்டு விரலை விரித்துப் பாருங்கள், கத்தரிக்கோலேதான். சுகதுண்டம், கிளி மூக்கு. முகுளம், மொட்டு. கபித்தம், விளாம்பழம். பிள்ளையார் சுலோகத்தில் அதைத் தினம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறோம்.

திரிபதாகத்தில் பேத்தி மாட்டிக்கொண்டாள். பதாகம் என்றால் கொடி. ஆகவே திரிபதாகம் என்றால் மூன்று கொடியா என்றாள். நானும் தலையாட்டிவிட்டேன். டீச்சரம்மா திருத்தினார்கள். ஒரே கொடிதான், அதில் மோதிர விரலை மட்டும் மடக்க வேண்டும். சுண்டு விரலையும் சேர்த்து மடக்கினால் அர்த்தபதாகம், அரைக்கொடி. தாம்ரசூடம் என்பதைப் பார்த்ததும் தாம்பாளத்தில் சூடம் ஏற்றுவது என்று தைரியமாகச் சொன்னேன். அதுவும் போயிற்று. தாம்ரம் என்றால் செம்பு, செந்நிறம். சூடம் என்பது இங்கே கொண்டை. செங்கொண்டைக்காரன், அதாவது சேவல். குழந்தை அரை மணி நேரம் சிரித்தாள். அதற்குப் பிறகு அந்த ஒரு முத்திரையை அவள் மறக்கவே இல்லை.

இரண்டு மணி நேரத்தில் நோட்டு முடிந்துவிட்டது. நாற்பது சொல்லில் முப்பதுக்கு மேல் அவளுக்கு நின்றுவிட்டது. என் மனைவி, "ஏங்க, உங்களுக்குப் பரீட்சையா, அவளுக்குப் பரீட்சையா?" என்று கேட்டபோது மணி பத்து.

அதற்கு அப்புறம்தான் நான் கொஞ்சம் தலைகால் தெரியாமல் போனேன். மறுநாள் வகுப்புக்குப் போய், "ஏம்மா, எல்லாத்துக்கும் அர்த்தம் சொல்லிக் கொடுத்தா என்ன?" என்று டீச்சரம்மாவிடம் கேட்டேன். குரலில் கொஞ்சம் அதிகாரம் இருந்திருக்கும். பழைய பழக்கம்.

அவர்கள் கோபப்படவில்லை. "சரி சார். 'தெய்யா தெய்'யுக்கு என்ன அர்த்தம் சொல்லட்டும்?" என்றார்கள்.

எனக்கு வாயடைத்துவிட்டது. தெய்யா தெய் என்பது தட்டடவின் சொல்லுக்கட்டு. அதற்கு அகராதியில் அர்த்தம் கிடையாது. 'தகிட' என்றால் மூன்று, 'தகதிமி' என்றால் நான்கு, 'தகதகிட' என்றால் ஐந்து. எண்ணைச் சொல்லாமல் எண்ணுகிற வித்தை அது. நாக்குக்கும் காலுக்கும் நடுவில் மூளை குறுக்கே வரக் கூடாது என்பதற்காகவே செய்த சொற்கள். "முதல்ல கால் கத்துக்கணும் சார். தலை மெதுவா வரும். எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க" என்றார்கள்.

அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று யோசித்தபோது தெரிந்தது. இந்தக் கலையை வளர்த்த நட்டுவனார்கள் அகராதி வைத்துக்கொண்டு சொல்லித்தரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை நால்வர் என்று பெயர்பெற்ற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்கள்தான் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இன்று ஆடுகிற வரிசையை ஒழுங்குபடுத்தியவர்கள். அவர்கள் வழியில் வந்தவர்கள் வாயால் சொன்னார்கள், காதால் கேட்டுக் காலால் ஆடினார்கள். தச்சுப் பட்டறையில் பையன் உளியையும் இழைப்புளியையும் பெயர் கேட்டா கற்றுக்கொள்கிறான்? எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே கற்றுக்கொள்கிறான். அந்த நாள் மாணவிக்குத் 'தட்டு', 'நாட்டு', 'மண்டி' எல்லாம் வீட்டுப் பேச்சு. அர்த்தம் தனியாகச் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

நிலைமை மாறிவிட்டது என்பதுதான் என் வாதம். 1930-களில் சதிர் என்ற பெயர் போய்ப் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது. ருக்மிணி தேவி 1936-ல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். வீட்டுக் கல்வியாக இருந்தது பள்ளிக் கல்வி ஆயிற்று. நூல்கள் வந்தன, பாடத்திட்டம் வந்தது, பாடத்திட்டம் வந்தால் பரீட்சை வராமல் இருக்குமா? அதில் தவறில்லை. எங்கள் தெருக் குழந்தையும் ஆட முடிகிறது என்றால் அந்த மாற்றத்தால்தான். ஆனால் பட்டறையை விட்டுவிட்டுப் பெயர்ப் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால், அது கடையில்லாத விலைப்பட்டியல் மாதிரி. தமிழ் பேசத் தெரிந்தும் எழுதத் தெரியாத ஒரு தலைமுறைக்கு, ஆங்கில எழுத்தில் அந்தப் பட்டியலைக் கொடுத்து ஒப்பிக்கச் சொல்கிறோம்.

இதை மொழிச் சண்டையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வடசொல்லைத் தூக்கிப் போடு என்று நான் சொல்லவில்லை. தில்லானா இந்துஸ்தானி இசையின் தரானாவிலிருந்து வந்தது. க்ஷேத்ரய்யாவின் பதங்கள் தெலுங்கு. அத்தனை பேரும் வந்து தங்கிய சத்திரம் இந்தக் கலை. நம் பங்கும் சின்னது இல்லை. சிலப்பதிகாரத்தில் மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டு வயதில் அரங்கேறினாள். அந்தக் காதைக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், ஒற்றைக் கை முத்திரையைப் பிண்டி என்றும் இரட்டைக் கையைப் பிணையல் என்றும் சொல்லி, ஒன்று முப்பத்துமூன்று, மற்றது பதினைந்து என்று கணக்கும் தருகிறார். உ.வே. சாமிநாதையர் 1892-ல் அந்த உரையோடு பதிப்பித்தார். பிணைத்தால் பிணையல். குழந்தைக்கு இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? பதாகம் என்று சொல்லட்டும், கொடி என்று தெரிந்து சொல்லட்டும். நான் கேட்பது அவ்வளவே.

தெரிந்து சொல்வது எப்படி இருக்கும் என்பதற்குப் பாலசரஸ்வதி அம்மையாரே சாட்சி. 1975-ல் தமிழ் இசைச் சங்க விழாவில் தலைமை உரை ஆற்றியபோது, கச்சேரி வரிசையைக் கோயிலுக்குள் போவதற்கு ஒப்பிட்டார். அலாரிப்பு கோபுர வாசல், ஜதிஸ்வரம் அர்த்த மண்டபம், சப்தம் பெரிய மண்டபம், வர்ணம் சந்நிதி, கடைசியில் தில்லானா கர்ப்பூர ஆரத்தி என்று போகிறது அந்த ஒப்பீடு. ஆறு பெயரை ஒப்பிக்க முடியாத என் பேத்திக்கு, நம்மூர் அகத்தீஸ்வரர் கோயிலுக்குள் போவதைப் போல இதைச் சொன்னேன். வாசலில் ஆரம்பித்து ஆரத்தி வரைக்கும் ஒரு தடவைகூடத் தவறவில்லை. கோபுரத்துக்கு முன்னால் யாராவது ஆரத்தி எடுப்பார்களா?

இவ்வளவு பேசுகிறேனே, ஒரு சின்ன நடனப் பரீட்சைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று நீங்கள் கேட்கலாம். காரணம் நடனம் மட்டும் இல்லை. இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓர் அலுவலகத்தில் ஒரு பெரியவர் என் மேசைக்கு வந்தார். அண்ணன் தம்பி சொத்து, அவருடைய பங்கு தனியாக வேண்டும். நான் தலையைத் தூக்காமல், "உட்பிரிவு ஆகணும் பெரியவரே. அ-பதிவேடு நகல், புலப்பட நகல் வாங்கி மனுவோட சேருங்க" என்றேன். "சரிங்க ஐயா" என்று போனார். பதினைந்து நாள் கழித்து வந்தார், கையில் வேறு ஏதோ காகிதம். மறுபடியும் அதையே சொன்னேன், இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாக. "சரிங்க ஐயா" என்றார். போனார். அதற்குப் பிறகு வரவே இல்லை.

என் பக்கத்து மேசைக்காரர் வயதில் மூத்தவர். அன்று மத்தியானம் சாப்பிடும்போது சொன்னார்: "தம்பி, உட்பிரிவுன்னா அவருக்கு என்ன தெரியும்? 'உங்க நிலத்துக்கு நடுவுல கோடு போட்டு, உங்க பாகத்துக்குத் தனி நம்பர் குடுப்பாங்க'ன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்." ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியம் என்னிடம் இருந்தது. சொல்லவில்லை. எனக்கு அந்தச் சொற்கள் சரளமாக வந்ததில் ஒரு பெருமை. நெழ் என்று பிழையில்லாமல் எழுதிய பையன்தானே நான்? அந்தப் பெரியவர் நிலம் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் என் மேசைக்கு வந்தவர்களுக்குப் பாமரத் தமிழில் சொல்லித்தான் அனுப்பினேன். ஆனால் அவர் திரும்பி வரவில்லை.

"சரிங்க ஐயா" என்பதும் "சரி மிஸ்" என்பதும் ஒரே சொல். புரியவில்லை என்று சொல்ல வெட்கப்படுகிறவர்கள் சொல்கிற சொல். அதைச் சொல்லிவிட்டுப் பெரியவர் நிலத்தை விட்டார். என் பேத்தி நடனத்தை விட இருந்தாள். கலைச்சொல் என்பது கதவு. உள்ளே இருப்பவனுக்கு அது கதவாகத் தெரிவதில்லை. வெளியே நிற்பவனுக்குத்தான் தெரியும், அது சாத்தியிருக்கிறது என்று.

ஆகவே என் விண்ணப்பம் மூன்று. பழக்கதோஷத்தால் எண் போட்டே சொல்கிறேன்.

ஒன்று, டீச்சரம்மாக்களுக்கு. காலுக்கு முதலிடம் கொடுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அர்த்தம் உள்ள சொல்லுக்கு, அதைச் சொல்லும்போதே ஒரு தடவை அர்த்தம் சொல்லிவிடுங்கள். அரை நிமிடம்தான் ஆகும். தெய்யா தெய்யை விட்டுவிடுங்கள், அது தன் பாட்டுக்கு ஆடட்டும்.

இரண்டு, பரீட்சை வைப்பவர்களுக்கு. 'இருபத்தெட்டையும் வரிசையாக எழுதுக' என்று கேட்பதைவிட, 'கிளி மூக்கைக் காட்டு, அதன் பெயர் என்ன?' என்று கேளுங்கள். குழந்தையின் கை பேசும், வாயும் பேசும்.

மூன்று, என்னைப் போன்ற தாத்தா பாட்டிகளுக்கு. வகுப்பு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தது போதும். வீட்டுக்கு வந்து நோட்டைக் கேளுங்கள். பந்தக்கால், மிருகசீர்ஷம், விளாம்பழம் எல்லாம் நம்மிடம்தான் இருக்கின்றன. இந்தக் குழந்தைகளுக்கும் அந்தச் சொற்களுக்கும் நடுவில் மிச்சம் இருக்கிற பாலம் நாம்தான். நமக்குப் பின்னால் அகராதிதான்.

பரீட்சை அடுத்த மாதம். பேத்தி போகிறாள். தேறுவாளா என்பது எனக்கு அவ்வளவு முக்கியம் இல்லை. போன வாரம் டீச்சரம்மா என்னைக் கூப்பிட்டு, "சார், அந்த பந்தக்கால் விஷயத்தை மத்த பிள்ளைங்களுக்கும் சொன்னேன். நல்லா புடிச்சிக்கிட்டாங்க" என்றார்கள். முப்பத்தைந்து வருட உத்தியோகத்தில் எனக்கு இப்படி ஒரு நற்சான்று கிடைத்ததில்லை.

அந்தச் சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்து, யாரும் இல்லாத நேரம் பார்த்து, நானும் ஒரு அரைமண்டி போட்டுப் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க மனைவியைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அவள் கை கொடுத்துக்கொண்டே, "இதுக்கு என்ன பேருங்க?" என்று கேட்டாள்.

அதற்கு மட்டும் இன்னும் எந்த நூலிலும் பெயர் அகப்படவில்லை.